முடி கொட்டுகிறதா? முதலில் புழுக்கையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 2 முயல்கள். பஞ்சு பெண், 3 வயது, பழுப்பு நிறம், கழுத்தைச் சுற்றி நீளமான முடி, கருத்தடை செய்யவில்லை. கறுப்பன் ஆண், குட்டை முடி, கருத்தடை செய்தாயிற்று. கொஞ்ச நாளாகப் பஞ்சுவுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. சோபா, துணி, சாப்பாட்டுத் தட்டு வரை முடி. சீப்பைக் கண்டாலே ஓடி ஒளிகிறாள். பின்பக்கத்தில் ஒரு இடத்தில் முடி போய்த் தோல் கருப்பாகத் தெரிகிறது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டு என்கிறார் ஒருவர், அன்னாசிச் சாறு கொடு என்கிறார் இன்னொருவர், டிரிம்மர் வைத்து வழித்துவிடு என்கிறார் மூன்றாமவர். எனக்கும் தும்மல் நிற்கவில்லை. புழுக்கைகள்கூட சில நாளாக முடியில் கோத்து ஒன்றோடொன்று ஒட்டியபடி வருகின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: சோபா, துணி, தட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி விஷயம் இருக்கிறதே, புழுக்கைகள் முடியில் கோத்து வருகின்றன என்று, அதிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். தரையில் கிடக்கும் முடியால் உங்களுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். முயலுக்கு ஆபத்து அதன் வயிற்றுக்குள் போகும் முடியால் வருகிறது, அது எவ்வளவு போகிறது, உள்ளே போனது நகர்கிறதா என்பதை வெளியிலிருந்து உங்களுக்குக் காட்டுவது புழுக்கை ஒன்றுதான்.

முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. பூனையும் அப்படித்தான், ஆனால் பூனை விழுங்கிய முடியை வாந்தியெடுத்து வெளியே தள்ளிவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, அதன் இரைப்பை வாயின் அமைப்பு அப்படி. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஆரோக்கியமான முயலின் இரைப்பையிலும் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும், அது தவறே இல்லை. குடல் நன்றாக நகர்ந்துகொண்டிருக்கும் வரை நார்ச்சத்தோடு சேர்ந்து அந்த முடியும் வெளியேறிவிடும். நார் குறைந்து, தண்ணீர் குறைந்து, பயமோ வலியோ வந்து குடலின் வேகம் மந்தமானால்தான் இரைப்பையில் இருப்பது நீரை இழந்து இறுகிப்போகிறது. முன்பெல்லாம் முடி உருண்டை அடைத்ததால் குடல் நின்றது என்று சொல்வோம். பெரும்பாலான நேரங்களில் நடப்பது தலைகீழ்: குடல் மந்தமானதால்தான் முடி அங்கே தங்குகிறது. ஆனால் இன்னொன்றும் உண்டு. இறுகிப் புழுக்கை அளவுக்குத் திரண்ட முடிக்கட்டி சிறுகுடலில் போய்ச் சிக்கிக்கொள்வது. காலையில் ஓடியாடிய முயல் சில மணி நேரத்தில் துவண்டுபோகும். முடி கொட்டும் காலத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் சீப்பு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, உங்கள் வீட்டில் இப்போது என்ன நிலைமை? புழுக்கை கோத்து வருகிறது என்றால் முடி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்திதான். கூடவே, உள்ளே போகும் முடி அளவுக்கு மீறிவிட்டது என்றும் அர்த்தம். ஆனால் அது யாருடைய புழுக்கை? இருவருக்கும் ஒரே கழிப்புத் தட்டுதானே? சேர்ந்து வாழும் முயல்கள் ஒன்றையொன்று மணிக்கணக்கில் நக்கிவிடும், அதில் கறுப்பன் பஞ்சுவின் கழுத்து முடியை நக்குகிறவனாக இருந்தால், பஞ்சுவிடமிருந்து உதிர்ந்த முடி கறுப்பன் வயிற்றில் இருக்கும். நீங்கள் பஞ்சுவையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், உடம்புக்கு முடியாமல் போவது அவனாக இருக்கலாம். இன்று இரவு மட்டும் இருவருக்கும் நடுவில் ஒரு கம்பி வலைத் தடுப்பு வையுங்கள். ஒருவரையொருவர் பார்க்கவும் முகரவும் முடிய வேண்டும், முழுதாக வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஜோடியைப் பிரிப்பதே முயலுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆளுக்கொரு தட்டு. காலையில் எந்தத் தட்டில் கோத்த புழுக்கை என்று தெரிந்துவிடும்.

புழுக்கையைக் கையில் எடுத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், காய்ந்து இருக்கும், விரலால் அழுத்தினால் உதிர்ந்து உள்ளே புல் துகளாகத் தெரியும், நாற்றமும் பெரிதாக இருக்காது. சிறுத்து, கறுத்து, கடினமாகி, எண்ணிக்கையும் குறைந்தால் குடல் மந்தமாகிறது. திராட்சைக் குலை மாதிரி பளபளப்பாக ஒட்டி வருவது வேறு, அது முயல் திரும்பத் தின்னும் மென்புழுக்கை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன் என்பதால் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டில் எது ஒன்றாவது சாப்பாட்டைத் தொடாமல், புழுக்கையும் போடாமல் 10, 12 மணி நேரம் ஆகிவிட்டால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை. கூனிக் குறுகி ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, பிடித்த கீரையை மூக்கருகில் வைத்தும் திரும்பிக்கொள்வது, காது சில்லென்று இருப்பது, வயிறு உப்பி இறுகியிருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் 12 மணி நேரக் கணக்கைக்கூடப் பார்க்காதீர்கள், உடனே முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் நீங்களாக மனிதருக்கான வலி மாத்திரையோ, பழைய ஆன்டிபயாட்டிக் மருந்தோ கொடுக்கவே கூடாது. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் குலைந்து உயிரே போகலாம். வயிறு உப்பியிருக்கும்போது சிரிஞ்சில் உணவு திணிப்பதும் ஆபத்து, அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது.

இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஓடுகிறார்கள், புழுக்கை மட்டும்தான் கோத்து வருகிறது என்றால் இன்றே மாற்ற வேண்டியது சாப்பாடு. சீப்பை விட இது முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வேன். காய்ந்த புல் எந்நேரமும், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்க வேண்டும். நாள் முழுவதும் முயல் தின்பதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும், தோராயமாக அதன் உடம்பளவுக்கு ஒரு குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலைப் படுக்கைக்குப் போடலாம், புல்லுக்குப் பதிலாகத் தீவனமாகக் கொடுத்தால் சத்து போதாது. அரைத்துக் குச்சியாக அழுத்திய பெல்லட் தீவனத்தைக் கிண்ணம் நிறைய வைக்கும் பழக்கம் இருந்தால் குறையுங்கள், வளர்ந்த முயலுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் போதும். அதை நிறையத் தின்றுவிட்டால் வயிறு நிரம்பிப் புல்லைத் தொடாது, நீளமான நார்தான் குடலைத் தள்ளி நகர்த்துவது, பொடியாக அரைத்த நாரால் அந்த வேலை நடக்காது. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாக.

தண்ணீரைப் பாட்டிலில் வைத்திருக்கிறீர்களா? கனமான கிண்ணத்துக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டையும் வையுங்கள். கிண்ணத்தில் இருந்தால் முயல் கூடுதலாகக் குடிக்கும், குனிந்து குடிப்பதுதான் அதற்கு இயல்பு. கீரையைக் கழுவியதும் உதறாமல் ஈரத்தோடு கொடுங்கள், அப்படியே கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் ஓட்டம். கூண்டிலேயே அடைந்துகிடக்கும் முயலின் குடலும் சோம்பிப்போகும், தினமும் சில மணி நேரமாவது வெளியே விட்டு ஓடவிடுங்கள்.

அன்னாசிச் சாறு முடியைக் கரைக்கும் என்பது நெடுநாளாகச் சுற்றிவரும் நம்பிக்கை. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பெய்ன் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பது உண்மைதான். ஆனால் முடி கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது, அதன்மேல் இவற்றின் வேலை செல்லாது. சாறு கொடுத்து யாருக்காவது பலன் தெரிந்திருந்தால் அது உள்ளே போன நீரால் இருக்கும், அதற்குத் தண்ணீரே போதும். சாற்றில் உள்ள சர்க்கரையோ குடலின் நுண்ணுயிர்களைக் குலைத்துவிடும், எதைச் சரிசெய்யப் போனோமோ அதையே கெடுக்கும். பூனைகளுக்கு முடி உருண்டைக்காகக் கொடுக்கும் பசையையும் முயலுக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது முடிக்கு வருவோம். கொட்டுவது நோய் இல்லை, உரோமம் மாற்றிக்கொள்வது. பகல் நீள்வதையும் குறுகுவதையும், வெப்பம் மாறுவதையும் வைத்து முயலின் உடல் தடித்த உரோமத்துக்கும் மெல்லிய உரோமத்துக்கும் மாறும். வீட்டுக்குள் வாழும் முயலுக்கு இரவிலும் விளக்கு, எந்நேரமும் ஒரே மாதிரி சூடு, அதனால் இந்தக் கணக்கு குழம்பிப்போய் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவதும் உண்டு. பெரும்பாலான முயல்களுக்கு ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு முறை வரும், ஒன்று லேசாகவும் அடுத்தது பலமாகவும். சில முயல்கள் இரண்டே வாரத்தில் முடித்துவிடும், சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். தலையில் ஆரம்பித்து முதுகு வழியாகப் பின்பக்கம் நோக்கி நகர்வதுதான் வழக்கம், பழைய முடிக்கும் புது முடிக்கும் நடுவே ஒரு கோடு மாதிரிகூடத் தெரியும். கடைசியில் வாலுக்கு மேலும் தொடைப் பக்கமும் கொத்தாக நிற்பவைதான் சீக்கிரம் விடாது.

நீங்கள் பயந்த அந்தக் கருப்புத் தோல் இங்கே வருகிறது. பஞ்சுவை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரல்களாலும் முடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். தோல் வழுவழுப்பாக, செதில் இல்லாமல், லேசாகத் தடித்து, நீலமும் சாம்பலும் கலந்த கருப்பாக இருந்து, அதில் பொடிப்பொடியாகப் புது முடி முளைத்திருந்தால் கவலையே வேண்டாம். நிறமுள்ள முயல்களுக்குப் புது முடி வளரும் இடத்தில் வேர்களில் நிறமி சேர்வதால் தோல் அப்படித் தெரியும், ஓரிரு வாரத்தில் உரோமம் மூடிக்கொள்ளும். அதே இடம் சிவந்திருந்தால், பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் இருந்தால், பொருக்கு தட்டியிருந்தால், வட்டமாக ஓரம் கட்டியிருந்தால், அவள் ஓயாமல் சொறிந்தால் கதை வேறு. கழுத்துக்குப் பின்னும் முதுகிலும் பொடுகு அடர்த்தியாக இருந்து, கறுப்புத் துணியில் தட்டிப் பார்க்கும்போது அது ஊர்கிற மாதிரி தெரிந்தால் அது சிற்றுண்ணி. காதுக்குள் அடுக்கடுக்காகப் பழுப்புப் பொருக்கு என்றால் காதுச் சிற்றுண்ணி. வட்டமாக முடி உதிர்ந்து ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரை, அது உங்களுக்கும் தொற்றும், தொட்ட பிறகு கை கழுவுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, மருத்துவர் எடை பார்த்துத்தான் தர வேண்டும். நாய்க்கோ பூனைக்கோ வாங்கிவைத்த தெள்ளு மருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். பிப்ரோனில் கலந்தவை முயலைக் கொன்றுவிடும், இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. பஞ்சு கருத்தடை ஆகாத பெண். தாடைக்குக் கீழே உள்ள மடிப்பிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் வாயால் முடியைப் பிடுங்கி, வாய் நிறையப் புல்லையும் கவ்விக்கொண்டு ஒரு மூலையில் கூடு கட்ட ஆரம்பித்தால் அது முடி கொட்டுதல் இல்லை, பொய்க் கர்ப்பம். 16 முதல் 18 நாளில் தானாக அடங்கும், அதுவரை எரிச்சலாக இருப்பாள், கூட்டைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள், ஆனால் முடி விழுங்குவது அப்போதும் அதிகம் என்பதால் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இதைச் சாக்காக வைத்தாவது கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம், பஞ்சுவுக்கு ஏற்கனவே 3 வயது. முடி கொட்டும் காலம் முடிந்து, சாப்பாடும் புழுக்கையும் சீரான பிறகு செய்துகொள்ளலாம்.

சீப்பைக் கண்டு ஓடுகிறாள் என்றீர்களே, அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. முயல் வேட்டையாடப்படும் பிராணி, மேலிருந்து வந்து பிடிக்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். தோலும் அவ்வளவு மெல்லிசு, கம்பிப் பல் வைத்த பிரஷ்ஷால் இழுத்தால் கீறிவிடும், நாய்களின் அடிமுடியை எடுக்கும் பிளேடு வைத்த சீப்பு கிழித்தேவிடும். அந்த வலி ஒரு முறை தெரிந்தால் மறக்காது. அதனால் கருவியை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். கையே போதும்.

தரையில் நீங்கள் உட்காருங்கள், மேசை மேல் ஏற்றாதீர்கள். கால் வழுக்காத பாய் அல்லது பழைய துண்டு கீழே. உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிடுங்கள், ஈரம் மட்டும் இருந்தால் போதும். நெற்றியில் ஆரம்பியுங்கள், கன்னம், காதுக்குப் பின்புறம், முயல்கள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடங்கள் அவை, அங்கே தடவினால் பெரும்பாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு உட்காரும். அப்படியே முடி சாயும் திசையில் முதுகு வழியாக வால் வரை கையை இழுங்கள். நாலைந்து முறை தடவியதும் உள்ளங்கையில் முடி திரியாகச் சுருண்டு வரும், அதை உருட்டி எடுத்துப் போட்டுவிட்டுக் கையை மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பறந்து உங்கள் மூக்குக்குள் போகும் மெல்லிய முடியைப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. அவள் எழுந்து போனால் போகட்டும், பிடித்து இழுக்காதீர்கள். முதல் நாள் 2 நிமிடம், அடுத்த நாள் 3 நிமிடம். அவளே பக்கத்தில் வந்து உட்காரும் நேரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் விடியலிலும் மாலையிலும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தடவும்போது கறுப்பனும் பக்கத்தில் இருக்கட்டும், துணை இருந்தால் அவளுக்குப் பயம் குறையும், அவனையும் தடவிவிட்டால் ஒரே வேலை.

இது பழகிய பிறகு ரப்பர் முள் வைத்த கையுறை. அதுவும் சரியான பிறகு, கழுத்தைச் சுற்றியுள்ள நீள முடிக்கு மட்டும் அகலப் பல் சீப்பு, முனை உருண்டையாக இருக்க வேண்டும். கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், தயாராக இருந்தால் கையோடு வந்துவிடும், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது இன்னும் தோலோடுதான் இருக்கிறது. முடிச்சு விழுந்திருந்தால் தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். முடிச்சைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரமாக மேலே எழும்பும், முடி என்று நினைத்துத் தோலை நறுக்கிவிடுவீர்கள். தோலோடு ஒட்டிய முடிச்சை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் வாரம் ஒன்றிரண்டு முறை போதும், கொட்டும் காலத்தில் தினமும், மும்முரமான நாட்களில் காலையும் மாலையும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கிறது, அப்போது சீவிவிடலாம் என்று சிலர் செய்வதுண்டு. அது தூக்கமோ சுகமோ இல்லை, வேட்டை மிருகத்தின் வாயில் அகப்பட்ட முயல் உறைந்துபோவதுதான் அது, உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். அந்த அதிர்ச்சியே குடலை மந்தமாக்கப் போதும். வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டுமானால் நெஞ்சுக்குக் கீழே ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்கி ஒரு கை என்று உங்கள் மார்போடு அணைத்துப் பிடியுங்கள், வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும். பின்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் உதறும், முயலின் பின்கால் தசை அவ்வளவு வலுவானது, முதுகெலும்பு அவ்வளவு மெல்லியது, அந்த உதறலிலேயே இடுப்பருகே எலும்பு முறிந்துவிடலாம்.

குளிப்பாட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். தண்ணீரில் இறக்கினால் பயத்தில் துள்ளும். அடர்ந்த உரோமம் தோல்வரை நனைந்தால் காய மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் உடல் சூடு இறங்கிவிடும், நனைந்த தோல் ஈரக் காகிதம் மாதிரி இலகுவில் கிழியும். ஷாம்புவின் மிச்சத்தை அவள் நக்கி விழுங்குவாள் என்பது வேறு. பவுடர் போடுவதும் நுரையீரலுக்குக் கெடுதல். பின்பக்கத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, துண்டால் ஒற்றி நன்றாகக் காயவைத்தால் போதும். அப்படி அழுக்கு அடிக்கடி ஒட்டினால் துடைப்பதோடு நிறுத்தாதீர்கள். பருமன், மூட்டு வலி, பல் கோளாறு, ஏதோ ஒன்றால் அவளால் திரும்பி நக்க முடியவில்லை என்று பொருள், அந்த அழுக்கில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

டிரிம்மர்? அங்கோரா மாதிரி கம்பளி முயல்களுக்கு முடி வளர்ந்துகொண்டே போகும், அவற்றுக்கு ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு முறை வெட்டித்தான் ஆக வேண்டும். பஞ்சு அந்த ரகம் இல்லை. அவளுக்கு வழித்துவிட்டால் தோல் வெட்டுப்படும் அபாயம்தான் மிச்சம், முடி கொட்டுவதும் நிற்காது. பாதத்தின் அடியில் உள்ள முடியை எந்த முயலுக்கும் எடுக்கக் கூடாது. நாய் பூனைக்கு இருக்கிற மெத்தை முயலின் பாதத்தில் கிடையாது, அந்த முடிதான் மெத்தை, அது போனால் குதிகாலில் புண் வந்து ஆறாமல் இழுத்தடிக்கும்.

உங்கள் தும்மலுக்கு: முடியை விட, முடியில் காய்ந்திருக்கும் எச்சிலும் தோல் துகளும்தான் பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புபவை. சீவும்போது முகக்கவசம் போடுங்கள், அதற்கென்று ஒரு பழைய சட்டையை வைத்துக்கொண்டு முடிந்ததும் கழற்றித் துவைக்கப் போடுங்கள். எளிதாகத் துடைக்கக்கூடிய ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பெருக்கினால் முடி எழும்பிப் பறக்கும், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். சோபாவுக்கு ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே திசையில் இழுத்தால் போதும், சுருண்டு வந்துவிடும். முயல் சுற்றும் இடத்தில் கிடக்கும் முடிக் கொத்துகளைத் தினமும் எடுத்துவிடுங்கள், புல்லோடு சேர்த்து அதையும் தின்றுவிடுவார்கள். மூச்சு இழுப்பு, நெஞ்சு இறுக்கம் என்று வந்தால் உங்களுக்கும் ஒரு மருத்துவர் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

நான் சொன்னபடி புல், தண்ணீர், கை சீவல் மூன்றையும் இன்றே தொடங்கினால் சில நாளில் கோத்து வரும் புழுக்கை குறைய வேண்டும். ஒரு வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது புழுக்கை சிறுத்துக்கொண்டே போகிறது என்றால் இருவரும் சாப்பிடுகிறார்களே என்று சும்மா இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், பின்பற்களில் கூர்முனை வளர்ந்து புல்லை மெல்ல முடியாமல் இருக்கலாம், அது வாய்க்குள் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். போகும்போது இருவரையும் ஒரே கூடையில் கூட்டிப் போங்கள். பிரிந்து போய்த் திரும்பினால் வேறு வாசனையோடு வரும் துணையைச் சில முயல்கள் ஏற்றுக்கொள்ளாமல் சண்டை பிடிக்கும். அன்று காலையில் விழுந்த புழுக்கையை, யாருடையது என்று எழுதி, இரண்டு தனித்தனிப் பைகளில் எடுத்துக்கொள்ளுங்கள்.